ஊருக்கே தெரிந்த ரகசியக் கூவல்

குளக்கரை மருதமரத்துப் பொந்தில் வரிச்சி என்கிற அணில் தானியக் கிடங்கு நடத்திவந்தது. மழைக்காலம் வருவதற்கு முன்னால் புறா தன் தினையையும், மயில் தன் வரகையும், பெருச்சாளி தன் கடலையையும் அங்கே கொடுத்துவைக்கும். காத்துக்கொடுப்பதற்குக் கூலி, ஆளுக்கு ஒரு பிடி. அந்தப் பிடியில்தான் வரிச்சியின் குட்டிகள் வயிறு வளர்த்தன.

வாசலிலும் உள்ளறையிலும் முசுறு எறும்புகள் காவல் இருந்தன. அவற்றுக்குப் பார்வை மட்டு. சொல்லிக்கொடுத்த கூவல் காதில் விழுந்தால் வழிவிடும். வேறு சத்தம் வந்தால் கடித்தே துரத்திவிடும்.

எந்தக் கூவலை வைப்பது? வரிச்சி ரொம்ப யோசிக்கவில்லை. குட்டிகளைச் சாப்பிடக் கூப்பிடும் 'கீச் கீச் கிக்'கையே வாசலுக்கு வைத்தது. உள்ளறைக்கும் அதையே வைத்தது. அது மறக்கவே மறக்காதல்லவா!

ஆனால் பிள்ளைக்காரி பொழுதுக்கும் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டுதானே இருப்பாள்? குளத்துத் தவளை வரைக்கும் அந்தக் கூவல் மனப்பாடம். எதிர்மரத்துக் கரிச்சான் குருவிக்கும் மனப்பாடம். அதுவோ யார் குரலையும் அச்சு அசலாகப் பேசுகிற பறவை.

ஒரு மத்தியானம் வரிச்சி இலவம்பஞ்சு பொறுக்கப் போயிருந்தது. திரும்பி வந்தால் கிடங்கு காலி. எறும்புகளோ நிம்மதியாக நின்றுகொண்டிருந்தன.

"யாரை உள்ளே விட்டீங்க?" என்றது வரிச்சி.

"உன்னைத்தான் விட்டோம். நாங்க முகமா பார்க்கிறோம்? குரல் சரியா இருந்துச்சு" என்றன எறும்புகள்.

இயல்பிலேயே வரிச்சி நாலு பேர் முன்னால் வாய் திறக்காத பிராணி. வாசலை இலை போட்டு மூடிவிட்டு, கேட்பவர்களிடம் நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. இந்தத் தானியம் போனால் மழைக்காலம் முழுக்க அத்தனை பேரும் பட்டினி. அதை நினைத்ததும் ஒரே ஓட்டமாகக் குளக்கரைக்கு ஓடி, தலையைக் குனிந்தபடியே சொல்லிவிட்டது.

"புறாக்கா, மயிலண்ணா, எல்லாம் போச்சு. என் கூவலை வச்சே யாரோ எடுத்துட்டாங்க. தப்பு என்மேலதான்."

திட்டு விழும் என்று காதைப் பொத்திக்கொண்டது. திட்ட அங்கே யாருக்கும் நேரமில்லை. புறா விர்ரென்று மேலே பறந்து சுற்றிப் பார்த்தது. கரிச்சான் கூட்டம் புதர் மறைவில் குவித்திருந்த தானியத்தை அள்ளி அள்ளி அக்கரைப் பாறை இடுக்குக்குக் கொண்டுபோவது தெரிந்தது. வேலை இன்னும் முடியவில்லை! மயில் தோகையை விரித்துக்கொண்டு பாய்ந்தது. கரிச்சான்கள் சிதறி ஓடின. பெருச்சாளி இடுக்குக்குள் புகுந்து தானியத்தை வெளியே தள்ளித் தள்ளிக் கொடுத்தது. முதல் தூறல் விழும்போது முக்கால்வாசி கிடங்குக்கு வந்துவிட்டது. அரை மணி பிந்தியிருந்தால் அதுவும் வேறெங்கோ போயிருக்கும்.

பெருச்சாளி மட்டும் கேலியை விடவில்லை.

"ஏம்மா, வாசலுக்கும் உள்ளறைக்கும் ஒரே கூவலா? அதுவும் சோத்துக்குக் கூப்பிடுற கூவலா? என் வளைக்கு எத்தனை வழி தெரியுமா? ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது."

"விடு மாமா, அவ மறைச்சிருந்தா இதுவும் கிடைச்சிருக்காது" என்றது புறா.

தொலைந்த கால்வாசி நஷ்டத்தை எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சமாக ஏற்றுக்கொண்டார்கள். வரிச்சி தன் கூலியை வேண்டாம் என்றது. மயில் கேட்கவில்லை. ஒரு பிடி வரகை எடுத்துக் குட்டிகள் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டது. நன்றி சொல்ல வாயெடுத்த வரிச்சிக்கு அழுகைதான் வந்தது.

மறுநாள் வாசலுக்கு ஒரு கூவல், உள்ளறைக்கு வேறொரு கூவல் என்று புதிதாக வைத்தது. யாரும் பக்கத்தில் இல்லாதபோது எறும்புகளின் காதோடு சொல்லிக்கொடுத்தது. 'கீச் கீச் கிக்' குட்டிகளுக்கு மட்டும் என்றானது. அடுத்த பருவத்திலும் புறாவும் மயிலும் பெருச்சாளியும் வரிச்சியிடமே தானியத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஊரார் அறிந்த சொல்லால் பூட்டிவைத்த பொருள் நிலைக்காது. களவு போனால் வெட்கப்படாமல் உடனே சொல்பவருக்குத்தான் பொருளும் மிஞ்சும், நாலு பேரின் துணையும் மிஞ்சும்.