பனி இறங்காத இடம்

"இந்த மண்ணுல மறுபடியும் காடு வருமா தாயி?" என்று அழகுராசு கேட்டார்.

குருவம்மா சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எதுக்கு?"

"செஞ்ச பாவம் தீரணும்."

"பாவம் தீரணும்னா ராமேஸ்வரம் போங்கண்ணே. செடி வைக்கணும்னா காலையில வாங்க."

அழகுராசுவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மேல்மலையில் அவருடைய நிலம் ஒரு பெரிய சரிவு. ஒரு காலத்தில் அது முழுக்கச் சோலைக்காடாக இருந்தது. அவருடைய அப்பா அதை வெட்டி உருளைக்கிழங்கு போட்டார். மண் சத்துக் கெட்டதும் சரிவின் ஒரு பாதியில் வாட்டில் மரங்களை நட்டார். வெளிநாட்டு மரம். தோல் பதனிடப் பட்டை உரிப்பார்கள். பிறகு பட்டையை வாங்க ஆளில்லாமல் போனது. மரங்கள் மட்டும் நின்றன.

மறுபாதியில் அழகுராசு பூண்டு போட்டார், கேரட் போட்டார். மூட்டை மூட்டையாக உரம் கொட்டினார். ஒவ்வொரு மழைக்கும் மண் கரைந்து பள்ளத்துக்குப் போனது. கடைசியாகப் போட்ட கேரட் எலிவால் மாதிரி வந்தது.

அதற்குள் பள்ளத்தில் இருந்த ஊற்று வற்றிவிட்டது. ஊற்றை ஒட்டித்தான் மலைப் பழங்குடிகளான பளியர்களின் குடியிருப்பு. கோடை வந்தால் அங்கிருந்த பெண்கள் குடத்தோடு தார்ரோடு வரை இறங்கி ஏறினார்கள். அழகுராசு தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதலில் சாதாரணமாகத்தான் பார்த்தார். பிறகு பார்க்க முடியாமல் போனது.

மலையுச்சியில் ஒரு துண்டுச் சோலை மட்டும் மிச்சமிருந்தது. பளிச்சியம்மன் குடியிருக்கும் சோலை. அதைக் காக்கிற பொறுப்பு அந்தக் குடியிருப்பில் இருந்த குருவம்மாவின் குடும்பத்துக்கு. அதனால்தான் அழகுராசு அவரைத் தேடி வந்திருந்தார்.

மறுநாள் காலையில் அழகுராசு வந்தார்.

குருவம்மா அவரைச் சோலைக்குக் கூட்டிப் போனார். செருப்பை வெளியே விடச் சொன்னார். உள்ளே நுழையும்போது அம்மனிடம் ஏதோ சொன்னார்.

"என்ன சொன்னே தாயி?"

"வெட்டினவங்க வீட்டு ஆளு வந்திருக்காருன்னு சொன்னேன்."

அழகுராசு தலையைக் குனிந்துகொண்டார்.

"அம்மன் என்ன சொல்லுச்சு?"

"கூடையைப் பிடிங்கண்ணே."

உதிர்ந்த பழங்களைப் பொறுக்கினார்கள். நாவல், காட்டுச் செண்பகம், இன்னும் அவருக்குப் பேர் தெரியாத பல. குடியிருப்பு முழுவதும் சேர்ந்து, மண் நிரப்பிய பைகளில் நாற்று வளர்த்தது. செண்பகம் முளைக்கவே மாதக்கணக்கானது. பொறுமையில்லாமல் அவர் தினமும் பையைக் கிளறிப் பார்த்தார். குருவம்மா கையைத் தட்டிவிட்டார்.

ஒருநாள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அழகுராசு கேட்டார்.

"எங்களையெல்லாம் மன்னிச்சிட்டீங்களா தாயி?"

"அந்தக் கடைசி வரிசைக்கு இன்னும் ஊத்தலே" என்றார் குருவம்மா.

மழைக்காலத்தில் வெற்றுச் சரிவு முழுக்க நட்டார்கள். குழந்தைகள்கூட நட்டன. அழகுராசு தினமும் போய்ச் செடிகளுக்கு நடுவே நின்றார். பழைய மாதிரி இரவில் தூக்கம் வந்தது.

ஒன்றை மட்டும் அவர் கவனித்தார். வெற்றுச் சரிவிலிருந்து குடியிருப்புக்குப் போக, வாட்டில் மரங்களின் ஊடே குறுக்கு வழி உண்டு. குருவம்மா ஒருநாளும் அதில் நடந்ததில்லை. எவ்வளவு சுமை இருந்தாலும் சுற்றித்தான் போவார்.

தை மாதம் பிறந்தது. ஒரு காலையில் சரிவு முழுக்க வெள்ளையாக இருந்தது. உறைபனி.

வெயில் ஏறியதும் பனி உருகியது. செடிகள் வெந்நீர் ஊற்றிய கீரை மாதிரி துவண்டன. மத்தியானத்துக்குள் எல்லாம் கறுத்துவிட்டன.

அழகுராசு வரிசை வரிசையாக ஓடிப் பார்த்தார். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"பனி விழும்னு உனக்குத் தெரியாதா தாயி? சொல்லியிருக்கலாமே!"

குருவம்மா ஒரு செண்பகத்தைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார்.

"பனி தெரியும். ஆனா காட்டுக்குள்ள பனி இறங்கி நாங்க பார்த்ததில்லே. வெட்டவெளியில காடு வைக்கிறது எங்களுக்கும் புதுசுதாண்ணே."

"இப்ப என்ன செய்ய?"

"இருங்க."

"எவ்வளவு நாளைக்கு?"

குருவம்மா செத்த செடியைக் கீழே போட்டார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். அவர் அன்று சுற்றிப் போகவில்லை. நேராக வாட்டில் மரங்களுக்குள் நடந்து போனார்.

அதற்குப் பிறகு அடிக்கடி உள்ளே போனார். தனியாகத்தான். தழையும் கொண்டுவரவில்லை, விறகும் கொண்டுவரவில்லை.

"உள்ள என்ன பண்றே தாயி?"

"பார்த்துக்கிட்டிருக்கேன்."

"எதை?"

"முழுசாப் பார்த்துட்டுச் சொல்றேன்."

அழகுராசுவால் பொறுக்க முடியவில்லை. கோடை வந்தது. குடங்கள் மறுபடியும் தார்ரோட்டுக்கு இறங்கின. வாசலில் உட்கார்ந்தால் எதிரே அந்த வாட்டில் மரங்கள். அப்பா நட்டவை. அவற்றைப் பார்க்கப் பார்க்க அவருக்குள் எரிந்தது. எல்லாக் கெடுதலும் அந்த மரங்களிடமிருந்துதான் வருகிறது என்று தோன்றியது. அவைதான் தண்ணீரைக் குடிக்கின்றன. அவைதான் மண்ணைக் கெடுத்தன. அவை நிற்கிறவரை இங்கே நல்லது எதுவும் முளைக்காது.

யாரிடமும் கேட்காமல் மரம் அறுக்கிற ஆட்களை வரச்சொன்னார்.

அவர்கள் மெஷினோடு வந்து இறங்கியபோது குருவம்மா வாட்டில் தோப்பின் முகப்பில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் குடியிருப்புக்காரர்கள் சிலர்.

"எந்திரி தாயி" என்றார் அழகுராசு. "மரம் சாயும்."

"சாய வேணாம்ணே."

"என்ன பேச்சு இது? ஒண்ணுகூட நிக்கக் கூடாது. வேரோட போகணும்."

"யாருக்காக?"

"உங்களுக்காகத்தான்! ஊத்து திரும்பணும்னுதான்! எங்கப்பா வச்ச விஷம் இது. இதைத் தினமும் பார்த்துக்கிட்டு நான் படுற வேதனை உனக்கு என்ன தெரியும்?"

குருவம்மா எழுந்தார். கோபப்படவில்லை. சாய்ந்திருந்த மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"எங்கம்மாவை இந்தத் தோப்பு நிக்கிற மண்ணுலதான் புதைச்சோம்ணே. நான் சின்னப் பிள்ளை. அடுத்த மழைக்கு உங்கப்பா ஆளுங்க வந்து குழி எடுத்து மரம் வச்சாங்க. அடையாளக் கல்லையும் புரட்டிப் போட்டாங்க. அன்னைக்கு வெளிய போனவதான். இந்தத் தையிலதான் திரும்பக் கால் வச்சேன்."

மெஷின்காரர் எங்கோ பார்த்தார்.

"எனக்குத் தெரியாது தாயி" என்றார் கடைசியில். "சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இதை என்னைக்கோ எரிச்சிருப்பேன். இப்பவாவது விடு. என் கையாலயே வெட்டுறேன்."

"உள்ள வாங்க" என்றார் குருவம்மா.

அவர் முன்னே நடந்தார். மெதுவாக நடந்தார். ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தார். அழகுராசு பின்னால் வந்தார். அவருடைய கண் கீழே போகவில்லை. தடித்த அடிமரங்களையும் உயரத்தில் பின்னிக் கிடந்த கிளைகளையும் வெறித்துக்கொண்டே வந்தார். எங்கிருந்து வெட்டத் தொடங்கலாம் என்று கணக்குப் போட்டார்.

மேலே காட்டுப்புறாக்கள் படபடவென்று எழுந்தன.

"சோலையில பழம் தின்னுட்டு இங்கதான் வந்து உக்காருதுக" என்றார் குருவம்மா. "அதுகளுக்கு உக்காரக் கொம்பு வேணும். யாரு நட்டதுன்னு கேக்கலே."

அவர் சொன்னது அழகுராசுவின் காதில் ஏறவில்லை.

"எது தாயி உங்கம்மா இடம்? அதைச் சுத்தி இருக்கிறதையாவது முதல்ல எடுத்திருவோம்."

குருவம்மா நின்றார்.

"காலை எடுங்கண்ணே."

"என்ன?"

"காலை எடுங்க."

அழகுராசு குனிந்து பார்த்தார். வலது செருப்புக்கு அடியிலிருந்து பளபளப்பான ஓர் இலை எட்டிப் பார்த்தது. அவசரமாகக் காலைத் தூக்கினார். விரலளவு செடி ஒன்று மெல்ல நிமிர்ந்தது. அந்த இலை அவருக்குத் தெரியும். பையைக் கிளறிக் கிளறி மாதக்கணக்காகக் காத்திருந்த இலை. காட்டுச் செண்பகம்.

இங்கே யாரும் நடவில்லை. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. இந்தத் தையின் பனியைத் தாண்டி அது பச்சையாக நின்றது.

தூக்கிய காலைப் பக்கத்தில் வைக்கப் போனார். அங்கே நாவல். இந்தப் பக்கம் திரும்பினார். இன்னொரு செண்பகம். அதற்கு அப்பால் பேர் தெரியாத கன்றுகள், முழங்கால் உயரத்தில், இடுப்பு உயரத்தில், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை, அந்த மரங்களின் நிழலுக்குள்.

வெளியே மெஷின் உறுமி நின்றது.

"ஐயா!" என்று குரல் வந்தது. "எந்த மரத்துல ஆரம்பிக்க?"

அழகுராசு ஒற்றைக்காலில் நின்றார். மற்றொரு காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. உடம்பு ஒருபக்கமாகச் சாய்ந்தது.

கீழே விழுந்துவிடாமல் இருக்க, கைக்கு எட்டிய வாட்டில் மரத்தை இறுகக் கட்டிக்கொண்டார்.