காய்களுக்கு முகம் போன கதை

முன்னொரு காலத்தில், பேர் தெரியாத ஒரு ராஜ்யத்தில், சதுரங்கக் காய்களுக்குக் கண், மூக்கு, வாய் எல்லாம் இருந்தன. காலாளுக்கு மீசைகூட உண்டு. நம்பாதவர்கள் எழுந்து போகலாம்.

அந்த நாட்டு ராஜா உதயகேதுவின் ஒரே மகன் போரில் செத்துப்போனான். ராஜா தன் குதிரைக் காயில் மகன் முகத்தைச் செதுக்கவைத்தார். அதை எவனும் வெட்டிவிடக் கூடாதென்று ஒரு சட்டமும் போட்டார். மகன் பேரை எழுத மனசு வரவில்லை. அதனால், போரில் செத்த பிள்ளையின் முகமுள்ள காயை யார் வெட்டினாலும் கை போகும் என்று எழுதவைத்தார். பாவம், பெற்ற மனம். அதோடு விட்டாரா? பழிவாங்க வீட்டுக்கொரு ஆள் கேட்டு மறுபடி படை திரட்டினார்.

ராஜாவைச் சிரிக்கவைக்கும் அரண்மனை விகடன் வைரவனுக்கும் ஒரே மகன். பேர் சேந்தன். அவனையும் காலாட்படையில் பிடித்துப் போட்டார்கள். படை கிளம்ப மூன்றே நாள். வைரவனுக்குச் சோறு இறங்கவில்லை.

சேனாபதி மல்லையனுக்கு விகடனைக் கண்டாலே ஆகாது. அவனை மாட்டிவிட ராஜாவின் காதைக் கடித்தான். ராஜா வைரவனைக் கூப்பிட்டு, நாளை தன்னோடு ஆட வேண்டும், இளவரசன் குதிரையைத் தொடக் கூடாது, தோற்கவும் கூடாது, தோற்றால் தலை போகும் என்றார். தன் பக்கத்துக் காய்களைத் தானே கொண்டுவரலாமா என்று மட்டும் வைரவன் கேட்டான். ராஜா தலையாட்டினார்.

மறுநாள் ஆட்டத்தில், ராஜா ஒரு காலாளை வெட்டக் கை நீட்டினார்.

"மன்னர் பெருமானே, அவன் குயவர் தெரு மாடன். இளவரசருக்குப் பக்கத்திலேயே செத்தவன். அவன் அம்மா அடையாளம் சொல்லித்தான் முகம் செதுக்கினார்கள். வெட்டினால், சட்டப்படி தங்கள் கைதான் போகும்," என்றான் வைரவன்.

வைரவன் பக்கத்துப் பதினாறு காய்களிலும் பதினாறு செத்த பிள்ளைகள். ராஜாவால் ஒன்றையும் வெட்ட முடியவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எத்தனை வீட்டில் இப்படி அழுகிறார்களோ என்றார். படையைக் கலைத்துவிடலாம் என்று வாய்வரை வந்துவிட்டது. வைரவனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

மல்லையன் விடுவானா?

"மன்னிக்க வேண்டும், பிரபு. குற்றம் போரில் இல்லை, காயில் இருக்கிறது. முகமே இல்லாமல் கடைந்துவிட்டால் எந்தச் சட்டமும் தடுக்காது."

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகன் போனபிறகு முதல்தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். உன்னால்தானடா இந்த வழி பிறந்தது என்று வைரவன் கையில் தங்கக் காப்புப் பூட்டினார். இளவரசன் குதிரையை மட்டும் தன் படுக்கையறைக்கு எடுத்துப் போனார். மற்ற காய்களுக்கெல்லாம் மனுஷ முகம் போயிற்று. இன்றைக்கு நம் வீட்டுக் காலாளைப் பாருங்கள், தலைக்கு ஓர் உருண்டை, அவ்வளவுதான்.

புதுக் காய்கள் தயாரானது படை கிளம்பும் நாளில். முதல் ஆட்டம் வைரவனோடு. ராஜா காலாட்களை ஒவ்வொன்றாக வெட்டி, சிரித்துக்கொண்டே பெட்டியில் போட்டார். வைரவனும் சிரித்தான், அதற்குத்தானே அவனுக்குச் சம்பளம். வெளியே படை கிளம்பும் முரசு ஒலித்தது. அவன் தலை வாசல் பக்கம் திரும்பியது.

"உன் முறை," என்றார் ராஜா.