கசப்பு அறியாத வைத்தியன்

பிள்ளை பெற்றவர்களெல்லாம் முன்னால் வந்து உட்காருங்கள். இந்தக் கதை உங்களுக்குத்தான். கோபம் வந்தால் வரட்டும், எனக்கும்தான் வருகிறது.

வெகுகாலத்துக்கு முன்பு, ஒரு மலையடிவாரத்தில் வைத்தியப் பாடசாலை இருந்தது. அங்கே ஒரு வழக்கம். ஆடி அமாவாசையன்று மாணவர்கள் ஆளுக்கொரு பக்கமாகத் தனியே மலையேறி, மூலிகை பறித்து, நுனிநாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். விஷம் முறிக்கும் இலையும் விஷ இலையும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். கசந்தால் மருந்து, புளித்தால் விஷம். தொட்டுப் பார்த்துத் துப்பிவிட்டால் ஒன்றும் ஆகாது.

சாத்தப்பன் என்ற வணிகர் தம் ஒரே மகன் வயிரவனை அங்கே சேர்த்தார். சேர்த்தவர் சும்மா இருந்தாரா? மனைவி உமையாளோடு பக்கத்திலேயே வீடெடுத்துக் குடிவந்துவிட்டார்!

முதல் வருஷம், "முள் குத்தும்" என்று வேலைக்காரனை மலைக்கு அனுப்பினார். இரண்டாம் வருஷம், "சாரலில் சளி பிடிக்கும்" என்று வேலைக்காரனை அனுப்பினார். மூன்றாம் வருஷம், "பாம்பு பூச்சி இருக்கும்" என்று மகனைத் தடுக்க மனைவியையும் கூட்டிக்கொண்டு தாமே பாடசாலைக்கு வந்தார்.

தலைமை வைத்தியர் ஆவுடையம்மைக்குப் பொறுக்கவில்லை. "செட்டியாரே, பிள்ளைக்கு இருபது வயசு ஆகிறது."

"ஆகட்டுமே, எனக்குக் குழந்தைதானே!"

குழந்தையாம்! இருபது வயதுத் தடியனுக்கு அம்மா பால் ஆற்றிக் கொடுக்கிறாள், இவனும் வெட்கமில்லாமல் வாங்கிக் குடிக்கிறான். ஆனால் பாடத்தில் கெட்டிக்காரன். மூலிகைப் பாட்டு முந்நூறும் தலைகீழாகச் சொல்வான். இலையைத்தான் தொட்டதில்லை.

ஆவுடையம்மையும் மற்ற மாணவர்களும் மலையேறிவிட்டார்கள். பாடசாலையில் இந்த மூவர் மட்டுமே. மகன் உட்காரப் பாய் எடுத்துப் போட, மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயில் சாத்தப்பன் கை வைத்தார். பாய்க்குள் கிடந்த நாகம் கொத்திவிட்டது.

"ஐயோ வயிரவா! மருந்து கொண்டாடா!" என்று அலறினாள் உமையாள்.

வயிரவன் பாடசாலையின் மூலிகைத் தோட்டத்துக்கு ஓடினான். அடுத்தடுத்து இரண்டு செடி, இரண்டும் ஒன்றுபோல. பாட்டைச் சொன்னான், மறுபடி சொன்னான், மூன்றாம் முறையும் சொன்னான். ஓர் இலையைக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோனான்.

பின்னாலேயே வந்த உமையாள் அவன் கையைப் பிடித்தாள். "வேண்டாண்டா! விஷமாயிருந்தால் நீயும் போய்விடுவாயே!"

அவன் இலையைக் கீழே போட்டான். சொன்னதைக் கேட்டுத்தானே வளர்ந்தான், பாவி! "அப்புறம் எதைம்மா பறிப்பது? நீயே சொல்லு" என்று அழுதான். அவளுக்கென்ன தெரியும்?

பொழுது சாயும்போது மலையிலிருந்து மாணவர்கள் திரும்பினார்கள். முதலில் வந்த குயவர் வீட்டுப் பெண் விஷயம் கேட்டதும் தோட்டத்துக்கு ஓடி, ஓர் இலையைக் கிள்ளினாள், நாக்கில் தொட்டாள், துப்பினாள். "இதுதான்" என்று அதைக் கசக்கிக்கொண்டு ஓடினாள். இவ்வளவுதான் வேலை! ஆனால் சாத்தப்பனின் வாய் அதற்குள் இறுகி, உயிரும் போயிருந்தது.

ஊரார் பாம்பைத் திட்டினார்கள். எனக்கு அந்தப் பாம்பின்மேல் கோபமில்லை. மூன்று வருஷமாக மகனை மலையேற விடாதது பாம்பா?

கேட்டுக்கொள்ளுங்கள்: வளர்ந்த பிள்ளைக்கு ஒரு கஷ்டமும் வரக்கூடாதென்று எல்லாவற்றையும் தடுக்கிற பெற்றோர், அவனை யாருக்கும் உதவாதவனாக, தமக்கே உதவாதவனாக ஆக்கிவிடுகிறார்கள்.