தராசு வார்த்த தண்ணீர்

ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில் ஒன்றில் குடமிளகாய்ச் செடிகளுக்குக் கயிறு கட்டும் கெம்பம்மா, சென்ற மாசியில் வேலைக்கு நடுவே சொன்னபடி இக்கதை தரப்படுகிறது.

ஒரு பசுமைக்குடிலில் ஒரு தராசு இருந்தது. அதன் தட்டில் மண் நிரம்பிய தொட்டி. தொட்டியில் ஒரு குடமிளகாய் நாற்று. நட்டுத் தண்ணீர் விட்ட அன்று, குடிலுக்குச் சொந்தக்காரரான வெங்கடப்பா தராசுக்கு ஒரே கட்டளையிட்டார்: “இந்த எடை குறையக் கூடாது. குறைஞ்சா, குறைஞ்ச அளவுக்குத் தண்ணி விடு.”

தராசு அதைத் தலைமேற்கொண்டது. காலைதோறும் தன் முள்ளைப் பார்க்கும். குறைந்திருந்தால் சொட்டுக்குழாயைத் திறக்கச் சொல்லும். நாற்று தழைத்தது. தராசுக்குப் பெருமை தாங்கவில்லை.

செடி இடுப்பளவு உயர்ந்து காய் பிடித்தது. தண்ணீர் மட்டும் நாளுக்கு நாள் சுருங்கியது.

“அண்ணே, தொண்டை காயுது. இன்னும் கொஞ்சம் விடச் சொல்லுங்களேன்” என்றது செடி.

“எடை சரியா இருக்கே, தங்கச்சி. உனக்கு ஆசை ஜாஸ்தி.”

“அந்த எடையில நான் எவ்வளவு, தண்ணி எவ்வளவுன்னு பாத்தீங்களா? காய் பருத்த கனத்தையெல்லாம் தண்ணியிலதானே கழிக்கிறீங்க?”

“பிரிச்சுப் பாக்கிற வழக்கம் நமக்கில்ல. தட்டுல ஏறினா எல்லாம் எடைதான்.”

சொட்டுக்குழாய்க்குப் பொறுக்கவில்லை. “பொண்ணு வளர வளரச் சோத்தைக் குறைக்கிற வீட்டை இங்கதான் பாக்கிறேன், அண்ணே!”

“நீ, நான் சொன்னா மட்டும் வாயைத் திற” என்றது தராசு.

மறுநாள் உச்சி வெயிலில் இலைகள் துவண்டு தொங்கின. வெங்கடப்பா வந்து முள்ளைப் பார்த்தார். மண்ணைத் தொட்டுப் பார்க்கவில்லை.

“எடை சரியாத்தான் இருக்கு. காய்ப் பாரம் தாங்கல போல” என்று, பிஞ்சும் காயுமாக எல்லாவற்றையும் பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டு போனார்.

முள் சடாரென்று இறங்கியது. தராசு பதறிப்போயிற்று. “ஐயோ, தண்ணி குறைஞ்சு போச்சு! திற, திற!”

சொட்டுக்குழாய் ஓயாமல் சொட்டியது. மண் ஊறியது, இலைகள் நிமிர்ந்தன.

“பாத்தியா? இன்னைக்கு நீ கேக்காமலே தந்தேன்.”

“தந்தீங்க அண்ணே. என் பிள்ளைங்க எடைக்கு எடை.”

மறுநாள் முதல் தராசு பழைய எடையைத் தேடுவதை விட்டது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை நிறுத்து, அன்று செடி குடித்தது எவ்வளவோ அவ்வளவைத் திருப்பிக் கொடுத்தது. கிளைகளில் மறுபடி பூ வந்தது.

தளி ஊர்ப் பக்கத்தார் முடிவை வேறாகச் சொல்கிறார்கள். அவர்கள் கதையில் யாரும் வந்து காய் பறிப்பதில்லை. செடியே தன் பூவையும் பிஞ்சையும் தட்டுக்கு வெளியே உதிர்த்து, எடை குறைந்து, தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. செடி செழிப்பாக நிற்கிறது. தராசுக்கும் நல்ல பெயர். காய்தான் இல்லை.