மறைப்புக் கண்ணாடியின் காவல்

ரொம்பப் பழைய கதையெல்லாம் இல்லை, போன மழைக்காலத்தில் நடந்தது. சுகந்தி என்ற பெண்ணின் கைப்பேசி முகத்தில் ஒரு மறைப்புக் கண்ணாடி ஒட்டிக்கொண்டு பிழைத்துவந்தது. நேராகப் பார்ப்பவளுக்கு எல்லாம் காட்டும். பக்கத்திலிருந்து எவராவது எட்டிப் பார்த்தால் கன்னங்கரேல் என்று கறுத்துவிடும். கண் உள்ள யாரையும் அது நம்பாது.

அதற்குக் காரணமும் இருந்தது. நிச்சயித்த மாப்பிள்ளை கை நீட்டுகிறவன் என்று தெரிந்ததும் சுகந்தி கல்யாணத்தை நிறுத்திவிட்டு இந்த ஊருக்கு வந்து ஒளிந்திருந்தாள். அவன் ஆள் விட்டுத் தேடிக்கொண்டிருந்தான். வீடு எதுவென்று தெரிந்தால் அவள் கதி அதோகதிதான்.

அன்று டவுன் பஸ்ஸில் அவள் பக்கத்தில் ஒரு அம்மாள் உட்கார்ந்தாள். அம்மாளின் மூக்குக்கண்ணாடி லேசாகத் திரும்பியது.

"ஏய், இங்க என்ன பார்வை?" மறைப்புக் கண்ணாடி சீறியது.

"மணி என்னன்னு பார்த்தேன். அதுக்கு இவ்வளவு கோபமா?"

"எல்லாரும் மணியிலதான் ஆரம்பிப்பாங்க. நீயும் கண்ணாடி, நானும் கண்ணாடி. உன் புத்தி எனக்குத் தெரியாதா?"

கண்டக்டரின் தோல்பை வாயைப் பிளந்துகொண்டு வந்தது. அதையும் அது முறைத்தது.

"டிக்கெட்டுக்கு வந்தேன் தாயே" என்று பை நகர்ந்துகொண்டது.

பின் சீட்டில் ஒரு ஆள் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுடைய காது மட்டும் பணிவாகச் சொன்னது: "எனக்குப் பார்வையே கிடையாதுங்க. என்னை ஒரு பொருட்டா எடுத்துக்காதீங்க."

'இருந்தால் இப்படியல்லவா இருக்க வேண்டும்' என்று மறைப்புக் கண்ணாடி மனதுக்குள் மெச்சிக்கொண்டது.

அப்போது கைப்பேசி அடித்தது. பார்சல் கொண்டுவரும் பையன். சுகந்தி எடுத்துக் காதில் வைத்தாள்.

"சத்தமா பேசுங்கக்கா, ஒண்ணும் கேக்கல!"

"தம்பி, பிள்ளையார் கோயில் தெரு! மூடிக் கிடக்கிற மாவு மில்லுக்கு எதிர் வீடு! பச்சை கேட்டு! கீழ் வீட்ல யாரும் இல்ல, நேரா மாடிக்கு வந்துடு!"

கைப்பேசியின் மைக்குக்கு உதறல் எடுத்தது. "கண்ணாடி, இவ என்ன இப்படிக் கத்துறா?"

"சும்மா இரு. நான் கன்னத்தோட ஒட்டிக்கிட்டிருக்கேன். ஒரு பயலாலும் பார்க்க முடியாது."

அடுத்த நிறுத்தத்தில் பின் சீட்டு ஆள் எழுந்தான். தூக்கக் கலக்கம் துளியும் இல்லை.

"கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்துட்டு இங்கயே இறங்குறீங்களே சார்?" என்றார் கண்டக்டர்.

"வந்த வேலை முடிஞ்சிருச்சு."

இறங்கியவன் சுகந்தியின் ஜன்னலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். யாருக்கோ போன் போட்டான். அதை மூக்குக்கண்ணாடி பார்த்துவிட்டது. பதறிப்போய்ச் சுகந்தி பக்கம் திரும்பியது.

"அந்த ஆளு..."

"பார்த்தியா, மறுபடியும் எட்டிப் பார்க்கிறா!" என்று மறைப்புக் கண்ணாடி சட்டென்று கறுத்துக்கொண்டது.