முழங்கைக்கு மூன்று வாரம்

"ஆசானே, அந்த சிக்கந்தரை இனிமே நான் தொடமாட்டேன்."

எண்ணெய்க் கிண்ணத்தை ணங்கென்று மேசையில் வைத்தார் சௌந்தரபாண்டியன். பாதி எண்ணெய் வெளியே சிந்தியது.

விருதுநகரில் மங்கையர்க்கரசி ஆசான் நடத்தும், எண்ணெய் தடவி வலி நீக்கும் நீவு வைத்தியசாலைக்கு அவர் தொழில் கற்க வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அதற்கு முன் ஜிம் மாஸ்டர். வயது ஐம்பத்திரண்டு. ஆசானுக்கு முப்பத்தொன்று. வயது ஏற ஏறக் கோபம் குறையும் என்பார்கள். அவர் விஷயத்தில் அது நடக்கவில்லை.

"என்ன செஞ்சார் அண்ணே?"

"மூணு வாரமா அவன் முழங்கையை நீவுறேன். என் கட்டைவிரல் தேஞ்சு போச்சு. வலி விட்டுருச்சுன்னு கும்பிட்டுட்டுப் போறான். மறுநாள் காலையில அதே கையைப் பிடிச்சுக்கிட்டு வந்து நிக்கிறான். நடிக்கிறான் ஆசானே!"

"நடிச்சு அவருக்கு என்ன கிடைக்கப்போகுது?"

சௌந்தரபாண்டியன் சிந்திய எண்ணெயைத் துடைக்க ஆரம்பித்தார்.

சிக்கந்தர் பரோட்டா மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமைக்குள் கை சரியாகாவிட்டால் வேறு மாஸ்டரை வைத்துக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார். அது சௌந்தரபாண்டியனுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் இன்னும் ஏறியது. தன் கைக்கு அடங்காத வலி என்று ஒன்று இருப்பதை அவரால் தாங்கவே முடியவில்லை.

"இவ்வளவு கோபத்தை எதுக்கு வீணாக்கறீங்க?" என்றார் ஆசான். "இன்னைக்கு சாயங்காலம் அவர் நிக்கிற இடத்துல நீங்க நில்லுங்க. அந்தக் கோபம் மாவு பிசையவாவது உதவும்."

"பரோட்டா வீசவா உங்ககிட்ட வந்தேன்?"

ஆசான் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

போனார். வழியெல்லாம் திட்டிக்கொண்டே பரோட்டாக் கடைக்குப் போனார் சௌந்தரபாண்டியன்.

கடையில் சிக்கந்தர் பதறினார். "சார், நீங்க எதுக்கு சார் இங்க?"

"தள்ளுய்யா!"

பிசைந்தார், உருட்டினார், வீசினார். முதல் பத்தும் கிழிந்து தொங்கின. சாப்பிட வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார்.

"அடிக்காதீங்க சார். விசிறுங்க. கை தோளிலிருந்து வரணும்."

"எனக்கே சொல்லிக் கொடுக்கிறியா?"

அந்த ஆத்திரத்திலேயே கடை மூடும்வரை வீசினார். கடைசியில் சில பரோட்டாக்கள் வட்டமாகக்கூட வந்தன. சிக்கந்தர் பாராட்டினார். அதற்கும் முறைத்தார்.

மறுநாள் காலையில் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. பாதிச் சட்டை திறந்தபடியே ஆசான் முன்னால் வந்து நின்றார்.

"இப்ப திருப்தியா ஆசானே? என் கையும் போச்சு!"

"எங்க வலிக்குது?"

"முழங்கையில. வேற எங்க!"

ஆசான் முழங்கையைப் பார்க்கவே இல்லை. அவருக்குப் பின்னால் போனார். வலது தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில் கட்டைவிரலை வைத்து ஒரே அழுத்து.

"ஐயோ!"

அழுத்தியது முதுகில். எரிந்தது முழங்கை.

ஆசான் விரலை எடுத்தார்.

"அந்த இடத்தை இப்ப நீங்களே தொட்டுக் காட்டுங்க."

சௌந்தரபாண்டியன் இடது கையைத் தோளுக்கு மேலே போட்டார். எட்டவில்லை. இடுப்புப் பக்கமாக வளைத்தார். எட்டவில்லை. வலது கையைத் தூக்கவே முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் முயன்றார்.

பாதி வழியில் கை நின்றுவிட்டது.

தனக்கே எட்டாத இடத்தை சிக்கந்தர் எப்படிக் காட்டியிருப்பார்? மூன்று வாரம்! தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம்போல் இருந்தது சௌந்தரபாண்டியனுக்கு.

விறுவிறுவென்று வெளியே வந்தார். பெஞ்சில் சிக்கந்தர் உட்கார்ந்திருந்தார். இவரைக் கண்டதும் சட்டைக் கையைச் சுருட்டி, பழக்கத்தில் முழங்கையை நீட்டினார்.

"அதை யாருய்யா கேட்டா?" என்று கத்தினார் சௌந்தரபாண்டியன். பிறகு அந்தக் கையை மெல்லக் கீழே இறக்கிவிட்டார்.

"சட்டையைக் கழட்டிட்டுக் குப்புறப் படுங்க பாய்."