எக்ஸ்கவேட்டருக்கு அர்த்தம் சொன்ன பாஷாசிங்கம்

வெள்ளூற்று என்று ஒரு சமஸ்தானம். அங்கே தண்ணீர் குறைச்சல், பேச்சு அதிகம். அந்த அரண்மனையில் ஒரு கேடுகெட்ட வழக்கம் வேறு. வெளியிலிருந்து எந்தப் புதுச் சாமான் வந்தாலும் முதலில் அதன் பெயருக்குச் சபையில் அர்த்தம் சொல்லி முடிக்க வேண்டும். அர்த்தம் தெரியாதவன் அதைத் தொடக்கூடாது, அரச ஆணை! சீமையிலிருந்து குடை வந்த வருஷம், அம்ப்ரெல்லாவுக்கு அர்த்தம் சொல்லி முடிப்பதற்குள் மழைக்காலமே ஓடிவிட்டது. ராஜா உத்தண்டசாமி தொப்பலாக நனைந்து ஜுரத்தில் படுத்தார். அப்படியும் புத்தி வந்ததா? வரவில்லையே!

அர்த்தம் சொல்லும் உத்தியோகம் பரமகுருநாதருக்கு. பட்டம் பாஷாசிங்கம். பட்டணத்தில் எட்டு மாசம் இருந்துவிட்டு வந்த மனுஷர், எண்பது வருஷம் இருந்தவர் மாதிரி பேசுவார்.

ஏரி மேற்பார்வை மருதப்பனுடையது. அந்த வருஷம் ஏரிக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் மண்ணடித்து மேடாகிவிட்டது. ராஜா மருதப்பனைக் கூப்பிட்டார். "ஐப்பசி மழைக்குள் வாய்க்கால் தூர் எடுத்தாகணும். இல்லையென்றால் உன் உத்தியோகமும் இல்லை, இந்த ஊரில் உனக்கு இடமும் இல்லை."

மருதப்பன் துறைமுகத்துக்கு ஆள் அனுப்பி மண்வெட்டும் மிஷின் ஒன்றை வரவழைத்தான். நீளமான இரும்புக் கை, நுனியில் பல் வைத்த வாளி. கூடவே அதை ஓட்ட சவரிமுத்து என்பவனும் வந்தான். மிஷினுக்குப் பெயர் எக்ஸ்கவேட்டர்.

பாஷாசிங்கத்துக்கு வாயெல்லாம் பல். மழை வரும்வரை இழுத்தடித்தால் மருதப்பன் தொலைவான். அந்த இடத்தில் தன் மச்சானை உட்கார வைக்கலாம். இதுதான் அவர் கணக்கு.

"ஏனப்பா, எக்ஸ்கவேட்டர் என்றால் என்ன?" என்று சபையில் சவரிமுத்துவைக் கேட்டார்.

"மண்ணைத் தோண்டி அள்ளி அந்தாண்ட போடுறதுங்க."

"சீச்சீ! அது உபயோகம். நான் கேட்டது அர்த்தம்."

"அது தெரியாதுங்க. ஓட்டத்தான் தெரியும்."

"கேட்டீர்களா மகாராஜா? அர்த்தம் தெரியாத பயல்! இவன் கை பட்டால் ஆணை என்ன ஆவது?"

சவரிமுத்துவை ஓரமாக உட்கார வைத்தார்கள். பாஷாசிங்கம் ஆரம்பித்தார். முதல் நாள் முழுக்க 'எக்ஸ்' என்பதற்கே போயிற்று. மூன்றாம் நாள் லத்தீனுக்குள் போனவர் ஆறாம் நாள்தான் வெளியே வந்தார். எட்டாம் நாள், இந்தச் சொல்லை நின்றுகொண்டு சொல்வதா உட்கார்ந்துகொண்டு சொல்வதா என்று ஒரு விசாரம். சபையே தலையை ஆட்டியது. பாதிப் பேர் தூக்கத்தில்தான் ஆட்டினார்கள் என்பது வேறு விஷயம்.

பத்தாம் நாள் மேற்கே மழைக் கருக்கல் கட்டியது. வீட்டில் மருதப்பனின் பெண்டாட்டி பாத்திரம் பண்டங்களை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். நேரே சபைக்குப் போன மருதப்பன், பாஷாசிங்கத்தின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"சாமி, அர்த்தம் தெரிந்தவர் மட்டும்தானே மிஷினைத் தொடலாம்?"

"ஆமாம். அதுதான் ஆணை."

"இந்த ராஜ்யத்தில் அர்த்தம் தெரிந்தவர் யார்?"

"என்னைத் தவிர எவன் இருக்கிறான்?" பாஷாசிங்கம் மீசையைத் தடவினார்.

மருதப்பன் எழுந்து ராஜா பக்கம் திரும்பினான். "கேட்டீர்களா மகாராஜா! ஓட்டத் தகுதி உள்ளவர் இவர் ஒருத்தர்தான். இன்றைக்கே ஏறி வாய்க்காலை வெட்டித் தரட்டும்."

பாஷாசிங்கத்தின் முகத்தில் ஈயாடவில்லை. மாட்டேன் என்றால் அர்த்தம் தெரியாது என்று ஆகிவிடும். பத்து நாள் பேசிய வாய் ஆயிற்றே, என்ன செய்யும்? ஊரே வாய்க்கால் கரையில் கூடிவிட்டது. நாலு பேர் தள்ளி அவரை மேலே ஏற்றினார்கள். ஏறிய பதற்றத்தில் அவர் கண்டதையெல்லாம் அமுக்க, மிஷின் உறுமிக்கொண்டு உயிர் பெற்றது.

பிடித்துக்கொள்ள ஏதோ ஒரு கம்பியைப் பிடித்தார். அவ்வளவுதான்! மிஷின் நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்ற ஆரம்பித்தது. இரும்புக் கை மந்திரிகள் தலைக்கு மேலே வீசிக்கொண்டு போனது. எல்லாரும் குப்புற விழுந்தார்கள். பாஷாசிங்கத்தின் அங்கவஸ்திரம் ஒரு பக்கம் பறந்தது, தலைப்பாகை இன்னொரு பக்கம். பயத்தில் அவர் கம்பியை விடவில்லை. விட்டிருந்தால் நின்றிருக்கும், பாவம்!

"ஐயோ, இறக்கிவிடுங்கடா!"

சவரிமுத்து ஓடினான். மருதப்பன் குறுக்கே கையை நீட்டித் தடுத்தான். "சாமி, இவனுக்கு உபயோகம்தான் தெரியும். அர்த்தம் தெரியாது. தொடலாமா?"

"அர்த்தம் நாசமாய்ப் போக! உபயோகம் தெரிஞ்சவன் ஏறுங்கடா!"

ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாஷாசிங்கமே சொல்லிவிட்டார். ஏறப்பா!" என்றார். சவரிமுத்து தாவி ஏறி ஒரு கம்பியைத் தட்டினான். மிஷின் நின்றது. அன்றோடு அந்த ஆணையும் ஒழிந்தது.

ஐந்தே நாளில் வாய்க்கால் துப்புரவானது. ஆறாம் நாள் மழை கொட்டியது. ஏரி கரை தொட்டது. ராஜா மருதப்பன் தோளில் பட்டுச் சால்வை போர்த்தினார். அவன் பெண்டாட்டி மூட்டையை அவிழ்த்துப் பாத்திரத்தை அடுக்கினாள்.

பாஷாசிங்கத்துக்கு வெட்கம் என்று ஒன்று உண்டா என்ன? மறுநாளே சபையில் வந்து நின்றார். "மகாராஜா, எக்ஸ்கவேட்டர் பற்றி அடியேன் பேசியதை வாய்க்கால் கரையில் கல்லில் வெட்டி வைக்க வேண்டும். வருங்காலம் படிக்கட்டும்" என்றார்.

ராஜா மருதப்பனைப் பார்த்தார். "என்னப்பா, வெட்டி வைக்கலாமா?"

"தாராளமாக, மகாராஜா. 'ஐயோ, இறக்கிவிடுங்கடா' என்று வெட்டச் சொல்லுங்கள். அவர் பேசியதிலேயே அது ஒன்றுதான் ஊருக்குப் புரிந்தது."